பொருட்படுத்த வேண்டாத துணுக்குகள்

இந்தப் பக்கத்தில் வழக்கமாகப் புத்தகம், சினிமா, எப்போதாவது பட்ஜெட் என்று எதையாவது எடுத்து வைத்துக்கொண்டு குறை சொல்வேன். இந்த வாரம் விமர்சனத்துக்கு வந்திருப்பது நாலு பக்கம். வழவழ தாள், பல வண்ண அச்சு. ஆசிரியர் பெயர் இல்லை. விலை இலவசம். ஆனால், படித்து நம்பிவிட்டால் செலவு லட்சத்தைத் தொடலாம்.

ஒரு மருத்துவமனையின் நோட்டீஸ்.

கொண்டுவந்து கொடுத்தவர் என் மனைவியின் அண்ணன். திருச்சியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். வலது கிட்னியில் 24 மில்லிமீட்டர் கல். கூடவே சர்க்கரை. சென்னையில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில் சட்டைப் பையிலிருந்து நோட்டீஸை எடுத்து நீட்டினார்.

“மாப்ளே, சின்ன ஓட்டைதானாம். வெள்ளிக்கிழமை படுத்தா திங்கக்கிழமை கடையைத் தொறந்துரலாம்ங்கறாங்க. நீங்க எழுதறவரு. படிச்சுப் பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற கடைசி மனிதர்களில் என் மச்சானும் ஒருவர். நான் படித்தது பி.காம். கிட்னி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் குழப்பத்தில் இரண்டு பக்கமும் கையை வைப்பேன். நல்லவேளை, அது சரியான விடை.

நோட்டீஸுக்கு வருவோம். முதல் பக்கத்தில் ஒரு வெளிநாட்டு தம்பதி சிரிக்கிறார்கள். அவர்களுக்குக் கல் இருந்ததா என்று தெரியவில்லை. கீழே மூன்று வரி. வலியில்லை. தழும்பில்லை. ரத்தமில்லை. அதற்கும் கீழே, நட்சத்திரம் போட்டு, ‘நூறு சதவீத வெற்றி’. நட்சத்திரத்துக்கு அடிக்குறிப்பு எங்கே என்று நாலு பக்கமும் தேடினேன். கிடைக்கவில்லை. ஆடிட்டர் ஆபீசில் ஒன்றரை வருடம் எடுபிடியாக இருந்தவன் நான். அடிக்குறிப்பு இல்லாத நட்சத்திரத்தைப் பார்த்தால் கை அரிக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆபரேஷன் மேல் கோபம் கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, கிட்னிக் கல் விஷயத்தில் மருத்துவம் கடந்த 50 வருடத்தில் செய்திருப்பது பெரிய சாதனை. அதற்கு முன்னால் என்ன நிலைமை? விலாவுக்குக் கீழே நீளமாகக் கிழிப்பார்கள். சில சமயம் விலா எலும்பில் ஒரு துண்டையே எடுப்பார்கள். வாரக்கணக்கில் ஓய்வு. இன்னும் பின்னால் போனால், 1658-ல் லண்டனில் சாமுவேல் பெப்பீஸ் என்கிற டைரிக்காரருக்கு மூத்திரப் பையிலிருந்து கல் எடுத்தார்கள். மயக்க மருந்து என்ற பேச்சே இல்லாத காலம். மனிதர் பிழைத்துவிட்டார். அதற்குப் பிறகு வருடாவருடம் மார்ச் 26-ம் தேதியை விருந்து வைத்துக் கொண்டாட நினைத்தார் என்றால், எப்படிப் பயந்திருப்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1976-ல் ஸ்வீடனில் ஃபெர்ன்ஸ்ட்ரோம், ஜொஹான்சன் என்ற இரண்டு பேர், முதுகுப் பக்கமாக ஒரு துளை வழியே கிட்னிக்குள் போய்க் கல்லை எடுக்கலாம் என்று எழுதினார்கள். நாலு வருடம் கழித்து, 1980 பிப்ரவரியில், ஜெர்மனியின் மியூனிக்கில் கிறிஸ்டியன் ஷௌஸியும் அவருடைய குழுவும் கத்தியே வைக்காமல், வெளியிலிருந்து அதிர்வலை அனுப்பிக் கல்லை உடைத்தார்கள். அந்த மெஷினைச் செய்தது டோர்னியர் என்ற விமானக் கம்பெனி. வேகமாகப் பறக்கும் விமானத்தின் மீது மழைத்துளி மோதினால் உலோகத்துக்குள் என்ன ஆகிறது என்று ஆராயப்போய், கிட்னிக் கல்லில் வந்து நின்றார்கள். பிறகு, சிறுநீர் வருகிற வழியாகவே மெல்லிய குழாயை மேலே ஏற்றி, லேசரால் கல்லைப் பொடியாக்குகிற முறையும் வந்தது.

ஆக, இன்றைக்கு வழி மூன்று. அதிர்வலை, கீழேயிருந்து லேசர், முதுகில் துளை. 20 மில்லிமீட்டரைத் தாண்டிய கிட்னிக் கல்லுக்கு முதல் தேர்வு முதுகுத் துளைதான் என்று ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. டாக்டர்கள் பி.சி.என்.எல். என்பார்கள். மச்சானுக்கு 24. அந்த வகையில் மருத்துவமனை சொன்ன வழி சரியான வழிதான்.

தகராறு, அதை விற்கிற மொழியில்.

‘சின்ன ஓட்டை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தோலில் பார்த்தால் சின்னதுதான். வழக்கமான முறையில் குழாயின் குறுக்களவு 8 முதல் 10 மில்லிமீட்டர், ஏறக்குறைய சுண்டுவிரல் கனம். மினி என்று சொல்லும் புதிய முறையில் ஐந்து, ஆறு. பென்சிலைவிடக் கொஞ்சம் மெல்லிசு. ஆனால் அது தோலோடு நிற்கிற ஓட்டை இல்லையே. உங்களைக் குப்புறப் படுக்க வைத்து (சில இடங்களில் மல்லாக்க), முழு மயக்கமோ முதுகில் ஊசியோ கொடுத்து, முதலில் கீழ்வழியாக ஒரு குழாயை விட்டு, சாயம் ஏற்றி, எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே முதுகிலிருந்து ஊசியைச் செலுத்துகிறார்கள். தோல், கொழுப்பு, சதை எல்லாவற்றையும் தாண்டி அது கிட்னியின் சதைக்குள் போகிறது. பிறகு கம்பி, கம்பி மேல் குழாய், அதைவிடப் பெரிய குழாய் என்று வழியை அகலப்படுத்துகிறார்கள். அப்புறம்தான் கேமரா, உடைப்பு, பொறுக்கல் எல்லாம்.

இதயம் ஒரு நிமிடத்தில் வெளியே தள்ளுகிற ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கிட்னிகளுக்குத்தான் போகிறது. நிமிடத்துக்குச் சுமார் ஒரு லிட்டர். மெயின் பைப்லைன் ஓடுகிற சுவரில் டிரில் போடுவது மாதிரி. டிரில் பிட் சின்னதுதான். சுவர் எது என்பதுதான் கேள்வி. ஹார்டுவேர் கடைக்காரருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. “அப்ப ‘ரத்தமில்லை’ன்னு போட்டிருக்கானே?” என்றார்.

போட்டிருக்கிறான்தான். கணக்கு என்ன சொல்கிறது?

2007 நவம்பர் முதல் 2009 டிசம்பர் வரை, பல கண்டங்களில் 96 மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 5,803 பேரின் விவரத்தைத் திரட்டி 2011-ல் வெளியிட்டார்கள். இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிற பெரிய கணக்கு அது. அதன்படி, எந்தச் சிக்கலும் இல்லாமல் எழுந்து போனவர்கள் 79.5 சதவீதம். குறிப்பிடத்தக்க ரத்தப்போக்கு 7.8 சதவீதம். ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது 5.7 சதவீதம். கடும் காய்ச்சல் 10.5 சதவீதம். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தது 1.8 சதவீதம் (விலா எலும்புக்கு மேலே குத்தினால் ஊசி நுரையீரலின் உறையைத் தொட்டுவிடக்கூடும்). மரணம் 0.03 சதவீதம், அதாவது பத்தாயிரத்துக்கு மூன்று.

இந்தக் கணக்கைப் பார்த்து நான் பயப்படவில்லை. உண்மையைச் சொன்னால் தைரியம் வந்தது. ஐந்தில் ஒருவருக்குச் சிக்கல் என்றாலும் அதில் பெரும்பகுதி மருந்தில் சரியாகிற சிக்கல். சாவு மிக மிக அரிது. இதை அப்படியே நோட்டீஸில் போட்டால்தான் என்ன? ‘ஐந்தில் நாலு பேர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வீடு திரும்புகிறார்கள்’ என்று ஒரு வரி. படிக்கிறவன் ஓடியா போய்விடுவான்? அந்த மீதி ஒருவன் தானாக இருந்தால், ராத்திரி காய்ச்சல் அடிக்கும்போது ‘எதையோ கெடுத்துட்டாங்க’ என்று அலறாமலாவது இருப்பான். ‘ரத்தமில்லை’ என்று நம்பி உள்ளே போனவனுக்கு ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினால், டாக்டர் சட்டையைப் பிடிப்பானா மாட்டானா? ஆஸ்பத்திரிகளில் நடக்கிற கைகலப்புகளில் சிலவற்றுக்கு முதல் அத்தியாயத்தை எழுதுவது இந்த மாதிரி நோட்டீஸ்கள்தான் என்பது என் சந்தேகம்.

மினி முறை என்றால் எல்லாமே தேவலை என்பார்கள். ஓரளவுக்குச் சரிதான். சீனாவில் 20 மருத்துவமனைகளில், 20 முதல் 40 மில்லிமீட்டர் கல் இருந்த 1,980 பேரை இரண்டு அணியாகப் பிரித்துப் பார்த்து 2021-ல் வெளியிட்டார்கள். கல் போனது இரண்டிலும் ஏறக்குறைய சமம். மினியில் ரத்த இழப்பும் வலியும் குறைவு. பதிலுக்கு, ஆபரேஷன் நேரம் கூடுதல். வாசல் சிறியதானால் சாமானை இன்னும் சின்னத் துண்டாக்கித்தானே வெளியே எடுக்க வேண்டும்!

சரி, அந்த நூறு சதவீத வெற்றிக்கு வருகிறேன். எனக்குத் தூக்கம் போனது அங்கேதான்.

அதே 5,803 பேர் கணக்கில், 30 நாள் கழித்துப் பார்த்தபோது கல்லே இல்லை என்று இருந்தவர்கள் 75.7 சதவீதம். நாலில் மூன்று. அதுவும், தாங்களாக முன்வந்து கணக்குக் கொடுத்த மருத்துவமனைகள். கொடுக்காதவர்களின் கணக்கு எப்படியிருக்கும் என்று யோசிப்பது ஆடிட்டர் புத்தி, மன்னிக்கவும். நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோருக்கு மான் கொம்பு மாதிரி கிட்னி முழுக்கக் கிளை விட்ட கல். அதைத் துடைத்து எடுப்பது யாருக்கும் கஷ்டம்.

அப்படியென்றால் நூறு சதவீதம் எங்கிருந்து வந்தது? பதில் மச்சானுடைய பழைய ஃபைலில் இருந்தது.

ஐந்து வருடத்துக்கு முன்னால் இதே வலது கிட்னியில் அவருக்கு 12 மில்லிமீட்டர் கல். வேறொரு ஆஸ்பத்திரியில் அதிர்வலை வைத்து உடைத்தார்கள். ‘சக்சஸ்’ என்று கைகுலுக்கி அனுப்பினார்கள். வீட்டில் பாயசம். அந்த டிஸ்சார்ஜ் சம்மரியை ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தேன். கடைசிக்கு முந்தைய வரியில், இங்கிலீஷில், தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘மருத்துவரீதியாகப் பொருட்படுத்த வேண்டாத எஞ்சிய துணுக்குகள்’. அது அந்த டாக்டர் உருவாக்கிய சொல் அல்ல. உலகம் முழுக்கச் சிறுநீரக மருத்துவத்தில் புழங்குகிற சொல். பெரும்பாலும் 4 மில்லிமீட்டருக்கு உட்பட்ட, வலி தராத துண்டுகளுக்கு இந்தப் பெயர். இவற்றையும் ‘வெற்றி’ கணக்கில் சேர்த்துவிட்டால் சதவீதம் ஜம்மென்று ஏறிவிடும்.

இது எனக்கு நன்றாகத் தெரிந்த வித்தை. எங்கள் பாஷையில் இதற்கு ‘இம்மெட்டீரியல்’ என்று பெயர். பெரிய கம்பெனியின் கணக்கில் நாலாயிரம் ரூபாய் உதைத்தால் ஆடிட்டர் கண்டுகொள்ள மாட்டார். தொகை சின்னது, யார் முடிவையும் மாற்றாது என்று தள்ளிவிடுவார். அதில் தப்பில்லை. ஆனால், தள்ளுபடி செய்த நாலாயிரம் அடுத்த வருடம் குட்டி போட்டு வந்து நிற்காது. கிட்னியில் தள்ளுபடி செய்தது நிற்கிறது. ஒவ்வொரு துணுக்கும் அடுத்த கல்லுக்கு விதை.

2022-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு பரிசோதனை வந்தது. சின்னது, மொத்தம் 73 பேர். பெரிய கல்லுக்காக ஆபரேஷன் செய்யும்போது, தொந்தரவு தராத குட்டிக் கற்களும் கண்ணில் படும் அல்லவா? ஒரு பாதிப் பேருக்கு அவற்றையும் எடுத்தார்கள். மறு பாதிக்கு விட்டுவிட்டார்கள். சராசரியாக நாலு வருடத்துக்கு மேல் பார்த்ததில், விட்டுவிடப்பட்டவர்களில் 63 சதவீதம் பேருக்கு மறுபடி பிரச்சினை. ஒன்று அவசர சிகிச்சை, அல்லது ஆபரேஷன், அல்லது கல் வளர்ச்சி. எடுக்கப்பட்டவர்களில் 16 சதவீதம்தான். துணுக்குகளும் குட்டிக் கற்களும் ஒன்றல்ல என்று டாக்டர்கள் சொல்லக்கூடும். ஆனால், சின்னது என்பதாலேயே ஒன்றைப் பொருட்படுத்த வேண்டாம் என்கிற தைரியம் அதற்குப் பிறகு எனக்குப் போய்விட்டது. மச்சானின் 24 மில்லிமீட்டர், அந்த ‘சக்சஸ்’ கேஸின் வட்டியும் முதலும்.

இதில் இன்னொரு கூத்து. கல் இருக்கிறதா இல்லையா என்பது, எதை வைத்துப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. யூரிக் அமிலக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. அல்ட்ராசவுண்டில் குட்டித் துண்டுகள் தப்பிக்கும். சி.டி. ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். எனவே, கண்டிப்பான டாக்டருடைய வெற்றி விகிதம் குறைவாகவும், மேலோட்டமாகப் பார்க்கிறவருடையது அதிகமாகவும் இருக்க வாய்ப்புண்டு. நோட்டீஸைப் பார்த்து ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கிறவர் யாரிடம் போய்ச் சேருவார்?

நோட்டீஸ் சொன்னதைவிடச் சொல்லாதது அதிகம். ஆபரேஷனுக்குப் பிறகு பல பேருக்கு உள்ளே ஒரு குழாய் வைத்து அனுப்புவார்கள். டி.ஜே. ஸ்டென்ட். கிட்னிக்கும் மூத்திரப் பைக்கும் நடுவே அது இருக்கிறவரை அடிக்கடி போக வேண்டும்போல இருக்கும், சிவப்பாகவும் போகும். சில வாரத்தில் எடுத்துவிட வேண்டும். வலி போனதும் சிலர் மறந்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் விட்டால் அந்தக் குழாய் மீதே கல் படிந்து, அதை எடுக்கத் தனி ஆபரேஷன். எங்கள் ஊர் மளிகைக்கடையில் கடன் கொடுத்த முறுக்கு டப்பாவுக்குக்கூட நோட்டு உண்டு. வயிற்றுக்குள் வைத்த குழாய்க்கு ஒரு ரிஜிஸ்டர் வேண்டாமா?

அப்புறம், எல்லாக் கல்லுக்கும் ஆபரேஷன் தேவையா என்ற கேள்வியே நோட்டீஸில் இல்லை. சிறுநீர்க் குழாயில் இறங்கிவிட்ட, 5 மில்லிமீட்டருக்குள்ளான கற்களில் மூன்றில் இரண்டு தானாகவே வெளியேறிவிடும். வலிக்கு மருந்து, காத்திருக்கப் பொறுமை, காய்ச்சலோ அடைப்போ இல்லாமல் பார்த்துக்கொள்ள ஒரு டாக்டர். இவ்வளவுதான் வேண்டும். (வாழைத்தண்டு ரசிகர்கள் கோபிக்கக் கூடாது. அது எலிகளிடம் காட்டிய நன்மையை மனிதர்களிடம் சரியாக நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கூட்டு நன்றாக இருக்கும், சாப்பிடுங்கள். 24 மில்லிமீட்டர் கரையும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.)

தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதுதான் உச்சம். இத்தாலியில், முதல் தடவை கல் வந்த 199 பேரைப் பிரித்து, ஒரு பாதியிடம் தினம் 2 லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள் என்றார்கள். மறு பாதியிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து வருடத்தில் தண்ணீர் குடித்தவர்களில் 12 பேருக்கு மறுபடி கல். மற்றவர்களில் 27 பேருக்கு. 1996-ல் வெளியான ஆய்வு. தண்ணீருக்கு பில் போட முடியாதே, எப்படி நோட்டீஸ் அடிப்பார்கள்?

மச்சானிடம் கேட்டேன், ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று.

“காலையில ஒரு சொம்பு. அப்புறம் கடையில டீதான், மாப்ளே. தண்ணி குடிச்சா எங்க போறது? கடையில பாத்ரூம் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும். அதுக்குள்ள ரெண்டு கஸ்டமர் போயிருவான்.”

மே மாதத்துத் திருச்சி வெயில், தகரக் கூரை, ஒரு சொம்புத் தண்ணீர். கல் ஏன் வந்தது என்று ஸ்கேன் எடுத்தா பார்க்க வேண்டும்? ஜவுளிக்கடைப் பெண்கள், டிராஃபிக் போலீஸ், பஸ் டிரைவர் எல்லோரும் சொல்வது இதே பதில்தான். கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து போக ஓர் இடமும் வேண்டும்.

நோட்டீஸின் பின்பக்கம் கொஞ்சம் வெள்ளை இடம் இருந்தது. அதில் சில கேள்விகளை எழுதிக் கொடுத்து, அதே ஆஸ்பத்திரிக்கே அனுப்பினேன். என் கல் மாதிரி பத்துப் பேருக்குச் செய்தால் எத்தனை பேருக்கு ஒரே தடவையில் சுத்தமாகும், அதுவும் எந்த ஸ்கேனில்? ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தம் நிற்காவிட்டால் அடைக்கிற வசதி இங்கேயே உண்டா, ஆம்புலன்ஸில் ஏற்றுவீர்களா? ஆபரேஷனை நீங்களே செய்வீர்களா, எத்தனை செய்திருக்கிறீர்கள்?

டாக்டர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். மச்சான் போனில் சொன்னது வேறு. “நல்ல மனுஷன், மாப்ளே. ‘நோட்டீஸ் நாங்க எழுதறதில்லைங்க, அது மார்க்கெட்டிங்’னாரு. ‘பத்துக்கு எட்டு, உங்களுக்குக் கீழ்க்கிளையில ஒரு துண்டு இருக்கறதால ஏழுன்னு வச்சுக்கங்க’ன்னாரு. யூரின் கல்ச்சர் எடுத்தீங்களான்னு அவரே கேட்டாரு.”

எடுத்தார்கள். கிருமி இருந்தது. சர்க்கரை உள்ள உடம்பில், கிருமியோடு கல்லை உடைத்திருந்தால் அத்தனையும் ரத்தத்தில் கலந்திருக்கும். ஒரு வாரம் ஆன்டிபயாடிக். அந்த வெள்ளிக்கிழமை போய் அடுத்த வெள்ளிக்கிழமை ஆனது. ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி 102 டிகிரி காய்ச்சல். என் மனைவி போனில் அழுதாள். மச்சான் வாங்கி, “பத்துப் பேர்ல ஒருத்தருக்கு வருமாம்மா, கணக்குல இருக்கு” என்றாராம். கடை திறந்தது அதற்கடுத்த வாரத்துத் திங்கட்கிழமை.

போன ஞாயிற்றுக்கிழமை திருச்சி போயிருந்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் 2 லிட்டர் பாட்டில் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு நாளைக்கு நாலு தடவை போய்வருகிறாராம். அதற்காக என்னை ஒருமுறை திட்டினார். பிறகு டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் போட்டார். கீழ்க்கிளையில் 3 மில்லிமீட்டர் பாக்கி. அடுத்த வரியில் அதே சொல். சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டிருந்தார்.

“பொருட்படுத்த வேண்டாம்னு மறுபடியும் போட்டிருக்காங்க, மாப்ளே. நான் விடல. ஒரு மாசத்துல சி.டி. எடுத்துப் பார்ப்போம்னு எழுதி வாங்கிட்டேன்.”

சுவரில் பெயின்ட் கம்பெனி காலண்டர். இரண்டு தேதிகளைச் சுற்றி வட்டம். ஒன்று ஸ்டென்ட் எடுக்க, ஒன்று ஸ்கேனுக்கு. நடுவில் ஜி.எஸ்.டி. கட்டுகிற தேதியும் இருந்தது. அதற்கு வட்டம் போட மறந்திருந்தார்.